கிணற்றுக்குள் விட்ட வெள்ளம்

என் கணவர் இறந்த இரண்டாம் வருஷம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. திசையன்விளைக்குப் பக்கத்தில், செம்மண்ணும் பனையுமான பூமி. கிழக்கே கடல் கண்ணில் படாது. காற்று திரும்பினால் அதன் வாசம் மட்டும் வரும். கிணறு எண்பது அடி. பாதிப் பங்கு எனக்கு, பாதி என் கொழுந்தனுக்கு. அவர் மஸ்கட்டில் பதினாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அண்ணன் சாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து மோட்டார் போட்டு, இரண்டு பேரும் முருங்கை வைத்திருந்தோம்.

முதலில் இலை ஓரம் கருகியது. பிறகு பிஞ்சு உதிர்ந்தது. சுற்றிலும் எல்லாரும் ஆழ்துளை போட்டு இறைத்ததில் நல்ல தண்ணீர் கீழே போய், கடல் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே ஏறி வருகிறது என்று விவசாய அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கிணற்றிலிருந்து நூறு காலடி தள்ளித்தான் தெருவுக்கே குடிதண்ணீர் தரும் பஞ்சாயத்து போர் இருந்தது. அதிலும் காப்பி போட்டால் பால் திரிய ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷம் ஒரு பேச்சு வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றிலிருந்து புதிதாக வெட்டிய வெள்ளக் கால்வாயில் இந்த முறை தண்ணீர் திறப்பார்கள், தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கடலுக்குப் போகிற மிச்சம் நம் குளத்துக்கும் வரும் என்று. என் கொழுந்தன் உடனே கணக்குப் போட்டுவிட்டார். குளத்திலிருந்து நம் கிணறு வரைக்கும் ஒரு ஓடை வெட்டி, வெள்ளத்தை அப்படியே கிணற்றுக்குள் திருப்பிவிட வேண்டும். எங்கள் பக்கம் கீழே சுண்ணாம்புப் பாறை. வெடிப்பும் பொந்துமாக இருக்கும். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கி, நாலு ஊர்க் கிணற்றுக்கும் பரவும், உப்பைக் கடலுக்கே திருப்பித் தள்ளும் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நான் மாட்டேன் என்றேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். இருபத்தாறு வருஷமாக அந்த வேலை பார்க்கிறேன். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து ஊர்த் தெரு ஒன்றில் குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது. ஒரே நாளில் முப்பது வீட்டில் வயிற்றுப்போக்கு. பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தி இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு வந்தாள். அவளைக் காப்பாற்றினோம். பிள்ளை போய்விட்டது. அந்தப் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றியது நான்தான்.

வெள்ளத் தண்ணீர் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எத்தனை ஊர்த் தெருவைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். அது மண்ணில் வடியாமல் நேராகப் பாறை வெடிப்புக்குள் போனால், மறுநாளே தெரு போரில் ஏறும்.

"ஆத்துத் தண்ணி மைனி அது" என்றார் கொழுந்தன். "நம்ம தாமிரபரணி. அதையா வேண்டாங்கிய?"

"ஆத்துல ஓடுற வரைக்கும்தான் தம்பி அது தாமிரபரணி. நம்ம கெணத்துக்கு வாறப்ப அதுல என்னல்லாம் கிடக்கும்னு எனக்குத் தெரியும்."

என் பங்கும் அதில் இருந்ததால் நான் சம்மதிக்காமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. முறை மாறும்போது மோட்டார் ரூம் சாவியைக் கையில் தராமல் திண்டில் வைத்துவிட்டுப் போவார். அவர் மனைவி, என் ஓரகத்தி, தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் என்னைக் கண்டால் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். தெருவிலும் பேச்சு என் காதுக்கு வந்தது. கிடைக்கிற தண்ணீரைத் தடுக்கிறாள், இவளுக்குச் சம்பளம் வருகிறது, விவசாயம் செத்தால் என்ன என்று.

எனக்கும் முருங்கை கருகிக்கொண்டுதான் இருந்தது. திருநெல்வேலியில் ஒரு மீட்டிங்குக்குப் போனபோது, நீர்வளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். முதலில் ஒரு குழி, சேறு படிய. அடுத்து ஒன்பது அடிக் குழி, அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கு மேலே மணல். அதில் வடிகட்டி, அடியில் பதித்த குழாய் வழியாகத்தான் கிணற்றுக்குப் போக வேண்டும். குழாய் வாயில் கட்டாயம் இரும்பு வலை. வெள்ளம் வந்த முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரை எடுக்கவே கூடாது. அதற்கு ஒரு ஷட்டர்.

அந்தத் தாளைக் கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். படம் பார்த்து வேலை செய்கிற மனுஷர். "ஷட்டர் திருப்புற பிடி யார் கையில இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். என் கையில் என்றேன். சரி என்றார்.

ஐப்பசியில் ஆரம்பித்தோம். ஜேசிபி வைத்துக் குளத்திலிருந்து ஓடை வெட்டி, கிணற்றோரம் இரண்டு குழியும் தோண்டினோம், குழிக்குக் கொஞ்சம் தள்ளி ஓடையில் ஷட்டர். கொழுந்தனே குழாயைப் பதித்தார், ஒரு அடி அகலக் குழாய். வலை நாகர்கோவிலிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. மலையில் அணை நிரம்பிவிட்டது, ஆற்றில் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். கல்லையும் ஜல்லியையும் மணலையும் அரைகுறையாக, அவசரமாக அள்ளிப் போட்டோம். குழாய் வாயில் வலைக்குப் பதிலாகப் பெரிய கற்களை அண்டக் கொடுத்து, இந்த ஒரு தடவைக்குப் போதும் என்று கொழுந்தன் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். கிருமிக்கு அவ்வளவு பயந்தவள், அந்த வலை வரும் வரை பொறுக்கவில்லை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு காலையில் தண்ணீர் வந்தது. காய்ந்து கிடந்த குளத்துக்குள் காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டு நுழைந்தது. பிளாஸ்டிக் பை, தெர்மோகோல், செத்த கோழி, ஆற்றுப் பாசனத் தோட்டங்களிலிருந்து அடித்து வந்த வாழைத்தண்டுகள். ஊரே கரையில் நின்று பார்த்தது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் ஷட்டர் பிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சப்சென்டருக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாளும் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு அண்ணாச்சி, கடை வைத்திருப்பவர், எல்லாருக்குமாகப் பேசினார். குளம் மறுகால் பாய்ந்து தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறது, மேலே மழை விட்டுவிட்டது, நாளையோ மறுநாளோ கால்வாயை அடைத்துவிடுவார்கள் என்றார். நான் நாளைக் காலை வரை பொறுக்கச் சொன்னேன். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவன், பிடியைப் பிடுங்கினால் என்ன செய்வாள் என்றான். என் கொழுந்தன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவரும் என்மேல் கோபத்தில்தான் இருந்தார். ஆனால் திரும்பி அவனைப் பார்த்து, "எங்க வீட்டு விஷயத்துல கை வைக்காத லே" என்று பையச் சொன்னார். கூட்டம் கலைந்தது. அவரும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை நுரை அடங்கியிருந்தது. தண்ணீர் கலங்கல்தான், ஆனால் மிதப்பது குறைந்திருந்தது. ஷட்டரைத் திறந்தேன். முதல் குழி நிறைந்து, இரண்டாம் குழி மணல்மேல் பரவி, கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. பிறகு கிணற்றுக்குள் சத்தம் கேட்டது. குழாயிலிருந்து எண்பது அடிக் கீழே விழும் சத்தம். கொழுந்தன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தபடியே நின்றார். மத்தியானம் வரை விழுந்தும் கிணற்றில் நீர்மட்டம் ஒரு முழம்கூட ஏறவில்லை. அவ்வளவையும் பாறை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் சத்தம் குறைந்தது. மணலில் சேறு படிந்து அடைத்துவிட்டது. குழியில் தண்ணீர் வடியாமல் ஏற ஆரம்பித்தது. இன்னும் ஏறினால் கரையைத் தாண்டிக் கிணற்றுச் சுவரோரம் பாயும், சுவரே சரியும். ஷட்டரைப் பாதி இறக்குகிறேன் என்றேன். அதற்குள் கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மம்பட்டியோடு இறங்கிவிட்டார். தண்ணீர் அவர் இடுப்பளவு. மேல் சேற்றை வழித்துவிட்டால் போதும் என்று சொல்லி நாலு தடவை இழுத்திருப்பார்.

நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மணல் உள்வாங்கியது. குழாய் வாயில் வைத்த கல் நகர்ந்து, மேலே இருந்த ஜல்லியும் மணலும் குழாய்க்குள் இறங்கிவிட்டது. அவர் சட்டென்று நெஞ்சளவு போனார். எழப் பார்த்தார், முடியவில்லை. வலது கால் முட்டி வரை குழாய்க்குள் போய்விட்டது. மேலே நிற்கும் தண்ணீரின் கனம் முழுக்க அந்த ஓட்டை வழியாக அவரை இழுத்தது.

"மைனி, காலை இழுக்குது" என்றார். கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவர் போலத்தான் சொன்னார்.

மற்றவர்கள் எல்லாரும் குளக்கரையில் நின்றார்கள், கூப்பிட்டாலும் உடனே வந்து சேரும் தூரம் இல்லை. குழிக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவர் தோள் முங்கியது. கையை நீட்டினார். நான் கரையில் முட்டி போட்டு அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்தபோதே தெரிந்தது, என்னால் இழுக்க முடியாது. நோயாளியைத் தூக்கிப் பழகிய கைக்குத் தன் பலம் தெரியும். பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தண்ணீர் அவர் மூக்கைத் தொடும்போதும் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

கையை விட்டேன். விட்டுவிட்டு ஷட்டருக்கு ஓடினேன்.

பிடியை மாட்டித் திருப்பினேன். பலகை இறங்கி, ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. அடியில் வாழைத்தண்டு மாட்டியிருந்தது. ஓடையில் இறங்கிக் காலால் மிதித்தேன், கையால் பிய்த்தேன். நார் நாராக வந்தது, முழுசாக வரவில்லை. தண்ணீர் பாதிக்குமேல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. அங்கே அதற்குமேல் நின்று பயனில்லை. அங்கே கிடந்த இன்னொரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். தண்ணீர் அவர் தாடையில் இருந்தது. தலையை அண்ணாந்து வைத்திருந்தார். குழியின் வடகரைக்கு அந்தப் பக்கம் என் பங்கு நிலம், பள்ளம். அந்தக் கரையை வெட்ட ஆரம்பித்தேன். புதுமண் என்பதால் இளகி வந்தது. வெட்டிக்கொண்டே கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

சத்தம் கேட்டு முதலில் வந்தது ஓரகத்திதான். புருஷன் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு மண் வெட்டுகிறேன். அதுதான் அவள் பார்த்தது.

"அவியளைப் பிடிக்காம அங்கன என்ன வெட்டுதிய?" என்று அலறினாள். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். அவள் குழிக்குள் குதித்து, அவர் தாடையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பிடித்தாள். அப்போது கரை உடைந்தது. தண்ணீர் என் முருங்கைக்குள் பாய்ந்தது. குழியில் மட்டம் அவர் தோளுக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது. இடுப்புக்கு வந்ததும் இழுப்பு விட்டது. அதற்குள் குளக்கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நாலு பேர் தூக்கி எடுத்தார்கள். கணுக்கால் முறிந்திருந்தது, முட்டிக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. நான் என் சேலை முந்தானையைக் கிழித்து, பனை மட்டையை வைத்துக் கட்டினேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் வலை வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்களே குழியைக் காலி செய்து, வலையை வைத்துக் கட்டி, மணலை மறுபடி நிரப்பினார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஆறு நாள் தண்ணீர் கிடைத்தது. கிணறு ஒருநாளும் நிரம்பி வழியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தெரு போரில் தண்ணீர் பிடித்துச் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தேன். சாக்கடைக் கிருமி இருந்தால் மறுநாளுக்குள் கறுத்துவிடும். கறுத்தது. சாம்பல் நிறமெல்லாம் இல்லை, மை போலக் கறுத்தது. குடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் உப்பு குறைந்துவிட்டது, இனிக்கிறது என்று சந்தோஷமாக இருந்த நேரம். வீடு வீடாகப் போய்க் குப்பியைக் காட்டி, காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்றேன். பஞ்சாயத்தில் சொல்லித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போட வைத்தேன். நல்ல தண்ணீரை மருந்து வாடை அடிக்க வைத்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு பேச்சு. கடைக்கார அண்ணாச்சி மட்டும் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கடை வாசலிலேயே அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

அந்த மாசம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளைக்கு வயிற்றால் போனாலே, நான்தான் திறந்தேன் என்று அந்த வீட்டுக்கு ஓடுவேன். இரண்டு பேருக்கு வந்தது, மாத்திரையில் நின்றது. தைக் கடைசியில் வைத்த குப்பி இரண்டு நாள் ஆகியும் கறுக்கவில்லை. நம்பாமல் இன்னொன்று வைத்தேன். அதுவும் கறுக்கவில்லை.

நிலத்தடித் தண்ணீர் மேலே வந்ததும் இன்னொரு கஷ்டம் வந்தது. அக்கம்பக்கத்தில் போர் போட லாரியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கொழுந்தன் கட்டுக் காலோடு ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். இப்போதே உறிஞ்சினால் ஆடியில் மறுபடி உப்புதான் என்றார். இரண்டு பேர் கேட்டார்கள், மூன்று பேர் கேட்கவில்லை. ஆடியில் உப்பு கொஞ்சம் திரும்பத்தான் செய்தது, ஆனால் பழையபடி இல்லை. என் பங்கில் வெள்ளம் பாய்ந்த முருங்கை வேர் அழுகிப் போயிற்று. அவர் பங்கில் காய்த்தது.

ஆவணியில் குழி மணலை எடுத்து அலசிக் காய வைத்துக்கொண்டிருந்தோம். கொழுந்தன் லேசாக நொண்டித்தான் நடப்பார், இப்போதும். சல்லடையை ஆட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க கையை விட்டுட்டு ஓடுனிய பாத்தியளா, அப்ப என்னை விட்டுட்டுப் போறியன்னுதான் மைனி நெனச்சேன்."

அவர் சல்லடையில் இன்னொரு கூடை மணலைக் கொட்டினேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி" என்றேன்.

ஓரகத்தி சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே வந்து நின்றிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுவாள். தூக்கை இறக்கி வைத்துவிட்டு, குழிக் கரையில் நான் முட்டி போட்ட இடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து ஓடையோரமாக ஷட்டர் வரைக்கும் நடந்தாள். பிடி மேலேயே மாட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தாள், ஒரு கையால் அசையவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இரண்டு கையாலும் முக்கித் திருப்பினாள். பலகை முழுசாக இறங்க நல்ல நேரம் ஆயிற்று. முகமெல்லாம் வேர்த்துத் திரும்பி வந்தாள்.

"தூரம்தான்" என்றாள் என்னிடம். பிறகு மூன்று தட்டிலும் சோறு வைத்தாள்.